கோபில்ட் ஃப்ரேசல் வெர்ப் அகராதி: ‘புட்’ என்ற ஒரு சொல்லை வைத்துப் பார்த்தது

பள்ளிப் பரீட்சைக்கோ அரசு வேலைத் தேர்வுக்கோ படிக்கிறவர்கள் இந்த அகராதியை வாங்க வேண்டாம். அங்கே கேட்பது நாலைந்து ஃப்ரேசல் வெர்ப்தான், அதாவது ஒரு வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் சேர்க்கைகள். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள், ‘கால் ஆஃப்’ என்றால் ரத்து செய், ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. கைடில் இருக்கும் ஒரு பக்கப் பட்டியல் போதும். நானும் அப்படி மனப்பாடம் செய்து, எழுதி, மார்க் வாங்கி, மறந்தவள்தான். இந்தப் புத்தகம் வேறு ஆட்களுக்கானது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவசரத்திலும் கோபத்திலும் அழுதுகொண்டும் எழுதுவதைத் தினமும் படித்துப் பதில் போடுகிற பிழைப்பு யாருக்கு இருக்கிறதோ, அவர்களுக்கு.

என் பிழைப்பு அதுதான். கோவையில் ஓர் அலுவலகம். பிரிட்டனில் நாய், பூனை வளர்ப்பவர்கள் அவற்றின் வைத்தியச் செலவுக்குக் காப்பீடு எடுக்கிறார்கள். அது தொடர்பாக அவர்கள் அனுப்பும் மின்னஞ்சல்கள் எங்களிடம் வரும். அவர்களுக்குக் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மதியம் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. நாய்க்கு இன்சூரன்ஸா என்று எங்கள் ஊர்ப் பக்கம் சிரிப்பார்கள். அங்கே ஒரு நாயின் முட்டி ஜவ்வு அறுந்து அறுவை சிகிச்சை செய்தால் ஆயிரக்கணக்கான பவுண்ட் ஆகும். அதனால் அவர்கள் சிரிப்பதில்லை.

இந்தக் கடிதங்களில் கடினமான சொற்கள் தொல்லை தருவதில்லை. நோயின் பெயர் பத்து எழுத்தில் வந்தாலும் தேடினால் ஒரே பொருள்தான் கிடைக்கும், வேலை முடிந்தது. புட், டேக், கம், கோ, பிரிங் என்று மூன்றாம் வகுப்பில் படித்த சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். அவற்றின் பின்னால் அப், டவுன், ஆஃப், ஆன் என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டதும் பொருள் எங்கோ போய்விடும். பின்னால் ஒட்டும் அந்தச் சிறு சொல்லை அகராதிக்காரர்கள் பார்ட்டிகிள் என்கிறார்கள். எனக்கு வால் என்பதே வசதி. இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தன் பேரகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டவர்களை அதிகம் திணறடிப்பது இந்த வகை வினைகள்தான் என்று எழுதிவிட்டார்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது 1989இல் வந்த முதல் பதிப்பு. உக்கடம் பழைய புத்தகக் கடையில் 180 ரூபாய்க்குக் கிடைத்தது. கடைக்காரர் 250 சொன்னார், அட்டை கிழிந்திருப்பதைக் காட்டிக் குறைத்தேன். கோபில்ட் என்பது காலின்ஸ் பதிப்பகமும் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1980களில் நடத்திய அகராதித் திட்டம். ஜான் சின்க்ளேர் என்ற பேராசிரியர் அதற்குத் தலைமை. பழைய அகராதிகளைப் பார்த்துப் புது அகராதி எழுதுவதை விட்டுவிட்டு, நாளிதழ், நாவல், பேச்சு என்று மக்கள் நிஜமாகப் பயன்படுத்திய ஆங்கிலத்தை மொத்தமாகக் கணினியில் ஏற்றி, ஒரு சொல் எங்கெங்கே எப்படி வருகிறது என்று பார்த்து எழுதினார்கள். முதல் அகராதி 1987இல் வந்தது. இரண்டு வருடம் கழித்து, ஃப்ரேசல் வெர்புக்கு மட்டும் தனியாக இது. 3000க்கும் மேற்பட்ட சேர்க்கைகள், 5500க்கும் மேற்பட்ட பொருள்கள். பார்க்கத் தடி, கையில் எடுத்தால் அவ்வளவு கனமில்லை.

இதன் முக்கியமான குணம், பொருளை முழு வாக்கியமாகச் சொல்வது. சாதாரண அகராதி ‘தள்ளிப்போடு, ஒத்திவை’ என்று இரண்டு சொல்லைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். இதில் ‘நீங்கள் ஒரு வேலையை இப்படிச் செய்தால், அதைப் பிறகு செய்வதாக வைத்துக்கொள்கிறீர்கள்’ என்ற பாணியில் இருக்கும். முதலில் இது வளவளப்பாகத் தோன்றியது. பழகிய பிறகுதான் இதன் லாபம் தெரிந்தது. யார் செய்வது, யாருக்குச் செய்வது, மனிதருக்கா பொருளுக்கா என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஃப்ரேசல் வெர்பில் அது தெரியாமல் போனால் விபரீதமாகிவிடும்.

விபரீதம் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஒரு கடிதம் வந்தது. ‘வியாழக்கிழமை பெர்ட்டியை புட் டவுன் செய்ய வேண்டியதாயிற்று’ என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். புட் என்றால் வை, டவுன் என்றால் கீழே. இவன் அதை நாயைக் கையிலிருந்து கீழே இறக்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு, பெர்ட்டி இப்போது நன்றாக நடக்கிறானா என்று அன்பாக விசாரித்துப் பதில் தயார் செய்துவிட்டான். பதில் வெளியே போகும் முன் நான் பார்ப்பது வழக்கம் என்பதால் தப்பித்தோம். “அக்கா, இதுல கிளைமே இல்லீங்களே, எதுக்கு எழுதியிருக்காங்க?” என்று வேறு கேட்டான். நாயைப் பிழைக்க வைக்க முடியாமல் மருத்துவர் ஊசி போட்டு முடித்துவிட்டார் என்பதுதான் அதன் பொருள். அகராதியில் டவுன் வரும் இடத்தை விரித்து அவன் முன்னால் வைத்தேன். தொலைபேசியைக் கீழே வைப்பதும் அதே சேர்க்கைதான். ஒன்றை எழுதிவைப்பது, கலகத்தை அடக்குவது, நாலு பேர் முன்னால் ஒருவரை மட்டம் தட்டுவது, வீடு வாங்க முன்பணம் கட்டுவது என்று அது நீண்டுகொண்டே போகிறது. விலங்கைப் பற்றிய பொருள் தனி எண்ணில் இருக்கிறது. படித்துவிட்டுப் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. ‘புட் அண்டர்’ என்று எழுதினால் மயக்க மருந்து கொடுத்தார்கள் என்று பொருள். நாய் பிழைத்து எழுந்துவிடும். ‘புட் டு ஸ்லீப்’ என்று எழுதினால் தூங்க வைத்தார்கள் என்று நாம் நினைப்போம், நாய் எழுந்திருக்காது. புட் டவுனையும் சேர்த்து மூன்றுக்கும் புட்தான் முதல் சொல். ஒன்றுக்கு அறுவை சிகிச்சைக் கணக்கைத் திறக்க வேண்டும், மற்ற இரண்டுக்கும் முதலில் இரங்கல் தெரிவிக்க வேண்டும். மயக்கம் தெளிந்து எழுந்தால் அதற்கு ‘கம் ரவுண்ட்’ என்பார்கள். அதே ‘கம் ரவுண்ட்’ பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்ததற்கும் பொருந்தும், முதலில் மறுத்த கணவர் மனம் மாறிச் சம்மதித்ததற்கும் பொருந்தும்.

புட் வரிசையில் எனக்கு அதிகம் உதவியது ‘புட் டவுன் டு’ என்ற மூன்று சொல் சேர்க்கை. ஒன்றுக்கு இதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்வது. வாடிக்கையாளர் போகிற போக்கில், ‘பின்னங்காலை லேசாக இழுத்து நடந்தான், வயசாகிவிட்டது என்று புட் டவுன் செய்திருந்தோம்’ என்று எழுதுவார். கேட்க ஒன்றுமில்லாத வாக்கியம். காப்பீட்டு வேலையில் அதற்கு வேறு கனம் இருக்கிறது. பாலிசி தொடங்கும் முன்பே கால் இழுத்திருந்தால், அது முன்பே இருந்த நோய் என்று கணக்காகி, பணம் கிடைக்காமல் போகலாம். எப்போது முதல் இழுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் அவர் மனம் நோகாமல். ‘புட் ஆஃப்’ வந்தாலும் அப்படித்தான். மருத்துவர் மார்ச்சிலேயே பல்லைப் பிடுங்கச் சொன்னார், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம் என்றால், யார் தள்ளிப்போட்டது என்பது முக்கியம். இந்தச் சேர்க்கைகளைத் தாண்டிப் படித்துப் போகிறவர்கள் கடிதத்தின் சாரத்தையே தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்கள் பயிற்சி வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. உச்சரிப்புக்கு மட்டும் நாள் கணக்கில் செலவழித்தார்கள், அதுவும் மின்னஞ்சல் பிரிவுக்கு!

சொற்களின் வரிசையிலும் இந்த அகராதி கறார். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டோம் என்பதை ‘புட் ஆஃப் தி ஆபரேஷன்’ என்றும் எழுதலாம், ‘புட் தி ஆபரேஷன் ஆஃப்’ என்றும் எழுதலாம். ஆபரேஷனை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டால் ‘புட் இட் ஆஃப்’ மட்டும்தான். ‘புட் ஆஃப் இட்’ என்று எந்த ஆங்கிலேயரும் எழுத மாட்டார். பொறுத்துக்கொள்வதைச் சொல்லும் ‘புட் அப் வித்’தில் எதையும் நடுவில் நுழைக்க முடியாது, ‘இட்’ கடைசியில்தான் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் இந்த இலக்கணத்தைக் குறியீடாகக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் எழுதும் பதில்களில் நான் திருத்துவதில் பெரும்பங்கு இந்த இடம்தான். பொருள் தெரியும், எங்கே வைப்பது என்று தெரியாது.

‘புட் த்ரூ’ பார்க்க வேண்டிய ஒன்று. மேலதிகாரிக்கு இணைப்புக் கொடு என்று தொலைபேசியில் கேட்பதும் அதுதான். ‘இந்த வயதில் அவனை அதற்கெல்லாம் புட் த்ரூ செய்ய எனக்கு மனமில்லை’ என்று எழுதுவதும் அதுதான். அந்த அவஸ்தையை அதன் மேல் சுமத்த விரும்பவில்லை என்று அர்த்தம். முன்னதில் வாடிக்கையாளருக்கு அவசரம். பின்னது வந்தால், சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார், அதைச் சொல்ல வாய் வரவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். ‘புட் ஆன்’ உடல் எடை கூடுவதற்கும் உடுப்பு மாட்டுவதற்கும் பாவனை செய்வதற்கும் வரும், அது பழகிவிடும். ‘புட் இன் எ கிளைம்’ என்றால் கிளைம் போடுவது. நம் ஊர் ‘போடு’வும் இங்கே கச்சிதமாக உட்காருகிறது.

புத்தகத்தின் கடைசியில் இருக்கும் வால்களின் அட்டவணைக்காகவே நான் இதற்கு இரண்டு மடங்கு பணம் கொடுத்திருப்பேன். (கடைக்காரர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.) முன்பக்கங்கள் வினைச்சொல்லின் அகர வரிசையில் போகும். இந்த அட்டவணையில் அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டார்கள். அப் என்ற வாலை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்த வினையோடு சேரும்போது கூடுதல் என்ற பொருள் தருகிறது, எங்கே முடித்துத் தீர்ப்பது, எங்கே கட்டி இறுக்குவது, எங்கே ஒன்றுசேர்ப்பது என்று குழு குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். ஈட் அப், யூஸ் அப், ட்ரிங்க் அப் எல்லாம் ஒரே குழு. மிச்சமில்லாமல் முடிப்பது. இதைப் பார்த்த பிறகு தெரியாத ஒரு சேர்க்கை வந்தால் கூட, அப் இங்கே எந்த அப் என்று ஊகிக்க முடிகிறது.

இந்த அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தபோது நம் துணைவினைகள் நினைவுக்கு வந்தன. தின்று தீர்த்தான், எழுதித் தள்ளினான், சொல்லித் தொலை, எழுதிவை, வந்துவிடு. எழுதித் தள்ளுகிறவன் எதையும் தள்ளுவதில்லை. சொல்லித் தொலை என்றால் எதுவும் தொலைவதில்லை, கேட்பவருக்குப் பொறுமை போய்விட்டது என்பது மட்டும் தெரிகிறது. தமிழ் படிக்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு இதை விளக்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். நாம் இதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. தீர், தள்ளு, தொலை ஒவ்வொன்றும் முன்னால் வரும் வினைக்கு என்ன நிறம் ஏற்றுகிறது என்று காது பழகி வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் முன்னால் இருக்கும் வினையை விட்டுவிட்டு வாலைப் பிடிப்பதுதான் சுருக்கு வழி என்பது என் கட்சி. பள்ளியில் இதைத் தலைகீழாகச் சொல்லித்தருகிறார்கள்: புட்டுக்கு ஒரு பத்து, டேக்குக்கு ஒரு பத்து.

எல்லா இடத்திலும் வால் கைகொடுக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். காப்பீட்டில் ‘டேக் அவுட் எ பாலிசி’ என்றால் பாலிசி எடுப்பது, அதாவது புதிதாகத் தொடங்குவது. அவுட் இருக்கிறதே, வெளியேறுகிறார் போல என்று யாராவது ரத்துப் பிரிவுக்குத் தள்ளிவிட்டால் போச்சு. ‘பே அவுட்’ என்றால் கம்பெனி பணம் கொடுப்பது. இரண்டிலும் அதே அவுட், திசை வேறு. ‘பிரிங் அப்’ இன்னும் மோசம். பிள்ளையை வளர்ப்பது, ஒரு பேச்சை எடுப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது மூன்றுக்கும் அதே சேர்க்கை. நாய்க் கடிதங்களில் மூன்றாவதுதான் அதிகம் வரும். இந்த மாதிரி இடங்களில் ஊகம் செல்லாது, பக்கத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

குறைகள். இந்த அகராதி பொருளைச் சொல்லும், தொனியைச் சொல்வதில் அவ்வளவு தேறாது. ‘ஐ ஆம் ராதர் புட் அவுட்’ என்று ஒரு பிரிட்டிஷ் முதியவர் எழுதினால் அகராதிப்படி வருத்தம், எரிச்சல். என் அனுபவத்தில் அவர் கொதித்துப் போயிருக்கிறார், அடுத்த கடிதம் புகார்ப் பிரிவுக்குப் போகும். குறைத்துச் சொல்லும் அந்த ஊர்ப் பழக்கம் எந்த அகராதியிலும் கிடைக்காதுதான், ஆனாலும் ஒரு குறிப்பு இருந்திருக்கலாம். நாயை இழந்தவருக்குப் பதில் எழுதும்போது ‘புட் டவுன்’ என்ற சேர்க்கையை நாம் திருப்பிப் பயன்படுத்தலாமா கூடாதா என்ற கேள்விக்கும் இதில் விடை இல்லை. நான் கூடாது என்கிறேன். அவர் எழுதலாம், நாம் எழுதினால் முரட்டுத்தனமாகக் கேட்கும்.

அப்புறம் இது அச்சுப் புத்தகம், ஒலி கேட்காது. ஃப்ரேசல் வெர்பைப் பேசும்போது பெரும்பாலும் அழுத்தம் வாலில் விழும்: ‘புட் இட் ஆஃப்’ என்பதில் ஓங்கி ஒலிப்பது ஆஃப்தான். நாம் புட்டை அழுத்தி ஆஃபை முழுங்கிவிடுகிறோம், எதிர்முனையில் இருப்பவர் “பார்டன்?” என்கிறார். தொலைபேசிப் பிரிவில் இருப்பவர்கள் அதனால் இதை மட்டும் நம்ப முடியாது. தவிர, 1989இல் இணையம் பொதுமக்கள் கைக்கே வரவில்லை என்பதால், இணையத்தோடு பிறந்த வழக்குகளை என் பிரதியில் தேடிப் பயனில்லை. பின்னால் புதுப் பதிப்புகள் வந்திருக்கின்றன, புதிதாக வாங்குகிறவர்கள் அவற்றையே வாங்கலாம். தமிழ் விளக்கம் எதிர்பார்க்கிறவர்களுக்கு எந்தப் பதிப்பும் உதவாது. எல்லாம் ஆங்கிலத்தில்தான், ஆனால் எளிய ஆங்கிலம்.

காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் லாங்மன் அகராதியின் இணையதளம் இலவசம். வினைச்சொல்லின் பக்கத்தில் அதன் சேர்க்கைகள் வரிசையாக இருக்கும். பிரிக்கக்கூடிய சேர்க்கைகளில் நடுவே இரு பக்கமும் தலை உள்ள ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த அம்பைப் பார்த்தால், பெயர்ச்சொல்லை வாலுக்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். கோபில்டின் குறியீடுகளைவிட இது பழகச் சுலபம். எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் கேட்கவும் முடியும். ஏறத்தாழ 2000 சொற்களுக்குள்ளேயே விளக்கத்தை அடக்குவது லாங்மனின் பழைய கொள்கை, அதனால் விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதி தேட வேண்டியதில்லை. அவசரத்துக்கு நானும் அங்கேதான் போகிறேன். பின்பக்க அட்டவணை போன்ற ஒன்று அங்கே கிடையாது என்பதால் தடிப் புத்தகம் மேஜையிலேயே இருக்கிறது.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள், மூன்றாவது நாள் மூடிவைத்துவிடுவீர்கள். உங்கள் வேலையில் ஓயாமல் வந்து விழும் வினை எது என்று பாருங்கள். எனக்குப் புட். மருத்துவமனை வரவேற்பில் இருப்பவருக்குக் கம் அல்லது கோவாக இருக்கலாம், கணக்குப் பிரிவில் இருப்பவருக்குப் பே, கேரி. அந்த ஒரு வினையின் பக்கங்களை மட்டும் படித்துவிட்டு, பின்னால் போய் அதில் வந்த வால்களின் குழுக்களைப் பாருங்கள். எங்கள் பையன் இப்போது அப்படித்தான் பார்க்கிறான். போன வாரம் ‘பெயின்கில்லர் வேர் ஆஃப் ஆகுதுன்னா மருந்து வேலை முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்ங்களா அக்கா, ஆஃப் இருக்குல்ல’ என்று புத்தகத்தைத் தொடாமலே கேட்டான். சரிதான்.

பழைய புத்தகக் கடையில் வாங்குவதாக இருந்தால் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். தடிப் புத்தகங்களில் முதலில் கழன்று போவது அந்தப் பகுதிதான், அட்டவணை இல்லாத பிரதிக்கு 50 ரூபாயே அதிகம்.